ஓர் எழுத்து தள்ளி

மர அளவுகோலைக் கம்ப்யூட்டர் திரையின் மேல் படுக்கவைத்து, இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கைச் சுண்டுவிரல் நகத்தால் எழுத்து எழுத்தாகத் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஐம்பது வரி முடிந்ததும் அளவுகோலை எடுத்துக் கீழே வைக்கிறார். அது திரையில் விட்டுப்போன தூசுக்கோட்டைக் கைக்குட்டையால் துடைக்கிறார். பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்:

"மறுபடி ஓட்டுங்க."

பின்னால் நிற்பவர் நான்கு நாள் புரோகிராமை ஓடவிட்டு, கிடைத்த முடிவை ஏந்திக்கொண்டு கல்யாண மாப்பிள்ளைபோல வந்தவர். அவர் முகம் சுருங்குகிறது. "எல்லாம் சரியாத்தான் மேடம் வந்திருக்கு."

"சரியா வந்திருக்குன்னு யார் சொன்னா? நீங்க எதிர்பார்த்தது வந்திருக்கு. அவ்வளவுதான். எங்க, கண்ணால காட்டுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் வாயால் கேட்காதவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. 'கண்ணால காட்டுங்க' என்பது வந்தனம். 'மறுபடி ஓட்டுங்க' என்பது விடைகொடுப்பது. அதனால் அவருக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அது தெரியாதவர்போல அவரும் இருபது வருடமாக நடித்து வருகிறார். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் பெயர் தெரியாமல் அவருக்கே போன் போட்டு, "மறுபடி மேடம் இருக்காங்களா?" என்று கேட்டபோது மட்டும், "இல்லியே, மறுபடி கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

வயது ஐம்பத்தொன்பது. இரண்டு மூக்குக்கண்ணாடி. ஒன்று மூக்கில் இருக்கும். மற்றது தலையில் இருக்கும், அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார். அறை இரண்டாம் மாடியில், நடைவழியின் கடைசியில். ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். மேசையில் இரண்டு திரைகள், பழைய மிட்டாய் டப்பாவில் அழிரப்பர்கள், ஒரு பிளாஸ்டிக் செடி. நிஜச் செடிகள் மூன்று அவர் கையால் செத்தன. "உயிரியல் டிபார்ட்மெண்ட்ல இப்படியா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். "நான் உயிரைப் படிக்கிறவ. வளர்க்கிறவ இல்ல," என்றார் மேடம்.

லிஃப்டில் ஏறமாட்டார். உடம்புக்காக என்று நினைத்து மற்றவர்கள் மெச்சுகிறார்கள். விஷயம் அதுவல்ல. "லிஃப்ட்ல ஏறினா எண்ண முடியாதே." படிகள் முப்பத்தெட்டு. ஒருநாள் யாரோடோ பேசிக்கொண்டே ஏறி முப்பத்தேழு வந்துவிட்டது. மேடம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு கீழே இறங்கி, முதலிலிருந்து ஏறி வந்தார். மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு ரொட்டித்துண்டும் ஒரு ஆப்பிளும். ஆப்பிள் எட்டுத் துண்டு. எட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் துண்டு வாய்க்குப் போகும்.

இந்த எண்ணும் வியாதியைத் தொழிலாக மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவருக்கு வாய்த்தது. மனித உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நீண்ட எழுத்துவரிசை சுருண்டு கிடக்கிறது. முந்நூறு கோடி எழுத்து. அத்தனையும் நான்கே நான்கு எழுத்துகள் மாறி மாறி வருவது. இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. ஒருவருடைய வரிசையை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டு, எங்கெங்கே எழுத்து வேறுபடுகிறது, அதில் எந்த வேறுபாடு நோய், எது வெறும் பாடபேதம் என்று கம்ப்யூட்டரைக் கொண்டு கண்டுபிடிப்பதுதான் வேலை. சோதனைக்குழாய் இல்லை, நுண்ணோக்கி இல்லை, வெள்ளை அங்கிகூட இல்லை. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். ஓரகத்தி ஒருமுறை, "நாள் பூரா கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றே, டைப்பிங்கா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அச்சாபீஸ்ல பிழை திருத்துவாங்கல்ல, அந்த வேலைதான். எழுதினது யாருன்னுதான் தெரியல."

உண்மையில் அவர் கணக்குப் படித்தவர். கணக்குக்கு வேலை கிடைக்கவில்லை. உயிரியல் பேராசிரியர் ஒருவருக்குப் புரோகிராம் எழுத ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு என்று போனார். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையில் இடம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எழுத்துவரிசை தபாலில் பிளாப்பி டிஸ்குகளாக வரும். தபால்காரர் மடக்கிப் பெட்டியில் திணித்துவிட்டால் ஒரு குரோமோசோமே போச்சு. அந்த ஆறு மாதம் இன்றைக்கு முப்பத்தொரு வருடமாகி இருக்கிறது.

அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய ஒரு கட்டுரை. அதில் ஓர் அட்டவணை. இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரிகள். எந்த இடத்தில் எந்த எழுத்து மாறினால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்ற பட்டியல். உலகத்தின் பல மூலைகளில் கண் மருத்துவர்கள் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அட்டவணையை விடவும் புகழ்பெற்றது அதற்குக் கீழே வந்த அரைப் பக்கம். மாறினாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைத்திருந்த இடங்களில் நான்கு எழுத்துகள், மாறினால் பார்வையைப் பறிக்கின்றன என்று காட்டி, ஏன் அப்படி என்று ஓர் அழகான காரணமும் எழுதியிருந்தார். அந்த அரைப் பக்கத்துக்காகத்தான் மேடைகளுக்கு அழைத்தார்கள். அதற்காகத்தான் அவர் படம் போட்ட பத்திரிகை அட்டையை இயக்குநர் அறைக்கு வெளியே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

போன வருடக் கடைசியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர் மேடத்தின் அறைக்கு வந்தார். பழைய டிஸ்குகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு.

"உங்க பழைய ஃபைல் எல்லாம் தூங்கிட்டு இருக்கு மேடம். யாரும் தொட்டு வருஷக்கணக்காச்சு. அழிச்சிடட்டுமா?"

"பார்க்காம எப்படி அழிக்கிறது? மூணு நாள் கொடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். மேடம் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஃபைலைத் திறந்து அளவுகோலை வைத்தார். இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு நகம் ஓரிடத்தில் நின்றது.

அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் இந்தத் தொழிலில் உள்ள ஒரு பழைய வம்பைச் சொல்ல வேண்டும். எழுத்துகளை எண்ணுவதில் இரண்டு கட்சி உண்டு. முதல் எழுத்தை ஒன்று என்று எண்ணுகிறவர்கள் ஒரு கட்சி. அதையே சுழியம் என்று எண்ணத் தொடங்குகிறவர்கள் மற்றொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காது. தரைத்தளத்தை ஒன்றாம் மாடி என்று சொல்லிப் பழகியவர், 'மூன்றாம் மாடிக்கு வா' என்று கூப்பிட்டால், அப்படிப் பழகாத நாம் இன்னும் ஒரு மாடி ஏறி யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நிற்போம். அதே கதைதான்.

மேடத்தின் அட்டவணை ஏழு பட்டியல்களைச் சேர்த்துத் தொகுத்தது. ஆறு பட்டியல்கள் ஒன்றிலிருந்து எண்ணியவை. ஏழாவது சுழியத்திலிருந்து எண்ணியது. அதில் நாற்பத்தொரு வரிகள். அத்தனையும் ஓர் எழுத்து தள்ளி உட்கார்ந்திருந்தன.

இதைப் பிடிக்க அவர் புரோகிராமில் ஒரு காவல்காரன் இருந்தான். பட்டியல் சொல்லும் இடத்தில் பட்டியல் சொல்லும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவான். முப்பது வரிகளை அவன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். மீதிப் பதினொன்றில் பக்கத்து எழுத்தும் தற்செயலாக அதே எழுத்து. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பெயர் இருந்துவிட்டால் காவல்காரன் என்ன செய்வான்? விட்டுவிட்டான்.

முப்பது வரி விழுந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'இந்தப் பட்டியல் சுத்தமில்லை. முப்பது போயிற்று. பதினொன்று தேறியது.' பழியைப் பட்டியல்காரன் தலையில் போட்டுவிட்டு மேலே போயிருக்கிறார். தேறிய பதினொன்றில் நான்குதான் அந்தப் புகழ்பெற்ற நான்கு எழுத்துகள். ஒன்றும் ஆகாத இடத்தில் அவை இருந்ததற்குக் காரணம், அவை அங்கே இல்லாததுதான். இல்லாத ஒன்றுக்கு அரைப் பக்கம் அழகாகக் காரணம் எழுதியிருந்தார்.

மேடம் மறுபடி எண்ணினார். கீழே இறங்கிப் போய்ப் படி ஏறி வந்தார். முப்பத்தெட்டு சரியாக வந்தது. வந்து மறுபடி எண்ணினார். அன்று ஆப்பிள் எட்டுத் துண்டாகப் பழுப்பேறித் தட்டில் கிடந்தது. சாயங்காலம் சர்வர்காரர் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா மேடம்? அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் அழிச்சிடுங்க. இதை மட்டும் விடுங்க. இதுதான் சாட்சி."

"என்ன சாட்சி?"

"எனக்கு எதிரா."

வீட்டுக்காரர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். விசில் இன்னும் சாவிக்கொத்தில் தொங்குகிறது. சமையல் இப்போது அவர் பொறுப்பு. குக்கருக்கும் அவருக்கும் யார் முதலில் ஊதுவது என்று தினமும் போட்டி. மேடம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"ஏங்க, பத்தொம்பது வருஷமா ஒரு எழுத்து தப்பா எண்ணியிருக்கேங்க."

அவர் அடுப்பை அணைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். குறிப்பேட்டின் தேதியைப் பார்த்தார். மேடத்தின் பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது: 6-B.

"அந்த வாரம் பாப்பாவுக்கு ஜியோமெட்ரி பரீட்சைம்மா. உன் ஸ்கேல அவ தூக்கிட்டுப் போயிட்டா. காணோம் காணோம்னு நீ வீட்டையே புரட்டிப் போட்டது ஞாபகம் இல்லையா? அன்னிக்கு ஸ்கேல் உன்கிட்ட இல்ல. அதான் கண்ணால பார்க்காம விட்டிருக்கே."

மேடம் அதை வாங்கிப் பார்த்தார். எத்தனை ஆதரவாக நீட்டப்பட்ட சாக்கு அது! வேறு யாராக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஸ்கேல் இல்லன்னா விரல் இல்லையா?" என்றார்.

வீட்டுக்காரர் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். எப்போது ஊதக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேடம் பேசியது இயக்குநரிடம் இல்லை. நகரத்தின் மறுகோடியில் இருந்த கண் மருத்துவமனையின் டாக்டரம்மாவிடம். பன்னிரண்டு வருடமாக அந்த அட்டவணையை வைத்து ரிப்போர்ட் எழுதுகிறவர். மேடத்தை அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"இந்தப் பதினொரு வரியை வெச்சு யாருக்காவது எதாவது சொல்லியிருக்கீங்களா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "பார்க்கணும்க்கா. அறுநூறு ரிப்போர்ட்டுக்கு மேல இருக்கு. நாலு நாள் கொடுங்க."

அந்த நான்கு நாள் மேடம் யாரையும் மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் பயமாகிவிட்டது. கெட்டது இரண்டு விதமாக நடந்திருக்கலாம். நோய் உள்ளவருக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லாதவருக்கு உண்டு என்று சொல்லியிருக்கலாம். முதலாவதை நினைத்து அவர் படிகளை நாளுக்கு நான்கு தரம் ஏறி இறங்கினார். ஐந்தாம் நாள் டாக்டரம்மா போன் செய்தார். முதல் வகையில் யாரும் இல்லை. ஒவ்வொன்றாக, இரண்டு முறை பார்த்தாயிற்று. இரண்டாவது வகையில் ஒருத்தர் இருக்கிறார்.

பஸ் டிரைவர். ஐந்து வருடத்துக்கு முன்னால், நாற்பது வயதில், தானாகவே பரிசோதனைக்கு வந்தவர். அவருடைய அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போனது. "எனக்கும் வருமான்னு தெரிஞ்சுக்கணும். நாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றாராம். அந்தப் பதினொரு வரிகளில் ஒன்றில் இருந்த மாற்றம் அவர் ரத்தத்திலும் இருந்தது. ஐம்பது வயதுக்குள் பார்வை மங்கும் என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். யாரும் சொல்லாமலே மறுநாள் பஸ் சாவியை டெப்போவில் ஒப்படைத்துவிட்டார். இப்போது அதே டெப்போவில் உதிரிபாக அறையில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறார். வருடா வருடம் கண் சோதனைக்கு வருவார். கண் பளிச்சென்று இருக்கும். "இன்னும் ஆரம்பிக்கல" என்று சொல்லி அனுப்புவார்கள்.

"இன்னும் ஆரம்பிக்கல," என்று மேடம் போனில் திருப்பிச் சொன்னார்.

"வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகுறாராம்க்கா. அவர் மனைவி சொன்னாங்க."

மேடம் போனை வைத்துவிட்டு அழுதார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை. அன்று சர்வர்காரர் மட்டும் பார்த்தார். பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நல்ல மனிதர்.

கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும் என்று மேடம் போய்ச் சொன்னபோது தயங்கிய இயக்குநரும் கெட்டவர் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் கட்டுரையின் பெயரைச் சொல்லி வாங்கிய ஆராய்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மேடம் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அதற்கு ஒரு விழா எடுக்க இயக்குநர் மண்டபம்கூடப் பார்த்துவிட்டிருந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம். யார் தப்பு பண்ணல? பதினொரு வரி தப்புன்னு சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம். அந்த அரைப் பக்கத்தை மட்டும் தொட வேண்டாமே."

"சறுக்கினது யானைக்கு சார். கீழ நசுங்கினது யாருன்னு பார்க்க வேண்டாமா?"

"இருந்தாலும்..."

"அந்த அரைப் பக்கம்தான் சார் தப்பு. மத்ததெல்லாம் கூட்டல் கழித்தல். தப்பா எண்ணினதுகூடப் பரவால்ல. தப்பா எண்ணிட்டு அதுக்கு அழகா ஒரு காரணம் சொன்னேன் பாருங்க, அதை வாபஸ் வாங்கணும்."

மூன்று நாள் யோசித்துவிட்டு இயக்குநர் கையெழுத்துப் போட்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் என்ற இடத்தில் மேடம் ஒரே வரி எழுதினார்: 'ஒரு பட்டியலைத் தவறாக எண்ணினேன், சரிபார்க்கவில்லை.' அட்டவணையைப் பயன்படுத்துகிற மருத்துவமனைகளுக்கு நூற்றுப்பதினாறு கடிதங்கள் அவர் கையெழுத்தோடு போயின. சட்டம் போட்ட பத்திரிகை அட்டையை இயக்குநர் யாரிடமும் சொல்லாமல் தானே கழற்றி வைத்தார். சில இடங்களிலிருந்து பாராட்டி எழுதினார்கள்; சில இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. ஒரு பழைய தோழி, இனி மேடைப்பக்கம் பார்க்க முடியாது போல என்று எழுதியிருந்தாள். அதையும் மேடம் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது ஏழு பட்டியல்களையும் அடியிலிருந்து தொகுத்துக்கொண்டிருக்கிறார். புது ஃபைலின் முதல் வரி: 'இந்தப் பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணப்பட்டது.' இரண்டாம் வரியிலும் அதையே எழுதியிருக்கிறார். கூடத்தில் இப்போது முன்பைவிட அதிகமாக 'மறுபடி' கேட்கிறது. ஆனால் அதற்கு முகம் சுளிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓய்வு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டபத்துக்காரர் மட்டும் அவ்வப்போது போன் செய்து பூ அலங்காரம் என்ன நிறம் என்று கேட்கிறார்.

டிரைவரைப் பார்த்த நாள் மிச்சம் இருக்கிறது.

அவர் ரத்தத்தைப் புதிதாக எடுத்து, வேறு இரண்டு இடங்களில் பரிசோதித்து, சந்தேகமே இல்லை என்றான பிறகு டாக்டரம்மா நாள் குறித்தார். "நீங்க வரணும்னு இல்லக்கா. நான் சொல்லிக்கிறேன். நல்ல சேதிதானே?"

"நல்ல சேதி மட்டும்னா தபால்லயே அனுப்பலாம். நான் பண்ணின தப்பும் அதுல இருக்கு. நேர்லதான் வரணும்."

மருத்துவமனையில் லிஃப்டும் இருந்தது, படியும் இருந்தது. மேடம் படியில் ஏறினார். வழக்கத்துக்கு மாறாக எண்ண மறந்துவிட்டார்.

டிரைவர் டெப்போவின் நீலச் சட்டையில் வந்திருந்தார். தடித்த விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ். பக்கத்தில் மனைவி, மாமனாரின் பழைய மருந்துச் சீட்டுகள் அடங்கிய பையை மடியில் வைத்திருந்தாள். டாக்டரம்மா கேட்டிருந்தபடி பெட்டியைக் குடைந்து எடுத்து வந்தவை. டாக்டரம்மா மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்களுக்கு அந்த நோய் இல்லை. வரவும் வராது. உங்கள் அப்பாவுக்குப் போனது சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதால் போன கண். இந்தச் சீட்டுகளிலேயே இருக்கிறது. அது வேறு நோய்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது," என்றார் மேடம். "டாக்டரோடது இல்ல. அவங்க பார்த்த பட்டியலை எண்ணினது நான். ஒரு எழுத்து தள்ளி எண்ணிட்டேன். என்னை மன்னிக்கணும்னு கேட்க வரல. உங்ககிட்ட நானே சொல்லணும்னு வந்தேன்."

"ஒரு எழுத்தா?"

"ஒரு எழுத்து."

டிரைவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ஸ்டோர்ல இருக்கிற அத்தனை போல்ட்டும் எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும் மேடம். பத்தா, பன்னெண்டா, பதினாலான்னு தடவிப் பார்த்துச் சொல்லிடுவேன். பார்வை போனாலும் வேலை போகக்கூடாதேன்னு பழகினது. அஞ்சு வருஷம்." அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இவர் சொன்னா நான் நம்பமாட்டேன்," என்றாள் மனைவி திடீரென்று. "எனக்காகப் பொய் சொல்றார்னு நினைப்பேன். அதனாலதான் கூடவே வந்தேன்."

"நானும் இன்னும் நம்பல," என்றார் டிரைவர். "போன தடவையும் இதே ரூம்ல, இதே நாற்காலியில உட்கார்ந்துதான் நம்பினேன்." பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "எங்க, கண்ணால காட்டுங்க."

மேடம் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு பையைத் திறந்தார். மாற்றம் எதுவும் இல்லாத மூல வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துவந்திருந்தார். அதை மேசைமேல் விரித்து, அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு மாற்றினார். டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"மூணு மூணு எழுத்தாத்தான் இதைப் படிக்கணும். மூணும் சேர்ந்து ஒரு வார்த்தை. மூணாவது எழுத்து மாறினா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. முதல் எழுத்து மாறினா வார்த்தையே மாறிடும்." நகம் தட்டத் தொடங்கியது. உதடு மட்டும் அசைந்து பழகிய அவருக்கு அன்று சத்தம் வந்தது. ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொன்னார். "...நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு. இது உங்களுக்கு மாறியிருக்கிற எழுத்து. மூணாவது எழுத்து. எத்தனையோ பேருக்கு இது மாறியிருக்கு, நல்லாத்தான் இருக்காங்க." நகம் ஓர் எழுத்து நகர்ந்தது. "நாப்பத்தொம்பது. கெட்டது இது. உங்களுக்கு இது மாறவே இல்ல."

"ரெண்டும் ஒரே எழுத்தாத்தானே இருக்கு?"

"ஆமா. அதனாலதான் ஏமாந்தேன்."

டிரைவர் தன் தடித்த விரலை நாற்பத்தெட்டில் வைத்தார். நாற்பத்தொன்பதுக்கு நகர்த்தினார். திரும்ப நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவில் அந்த விரல் நுழைய இடமில்லை.

"மறுபடி எண்ணுங்க," என்றார்.

மேடம் லேசாகச் சாய்ந்திருந்த அளவுகோலை நேராக்கினார். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நகத்தை முதல் எழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"ஒண்ணு."